அழ அனுமதி

“அப்படின்னா இனிமே அழலாமா டாக்டர்?”

“தாராளமா அழலாம்.”

“நான் இல்லைங்க, என் பொண்ணு.”

“நானும் அவளைத்தான் சொல்றேன். நீங்க அழுறதை நான் எப்பத் தடுத்தேன்?”

லிஃப்ட் மெக்கானிக்கான அப்பாவுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. மூளை அறுவை மருத்துவரம்மா திரையை அவர் பக்கம் திருப்பினார். ஒன்றரை வருடத்துக்கு முன் இதே திரையில், அவருடைய சின்ன மகளின் தலைக்குள் பெரிய ரத்தக் குழாய்கள் சுருங்கிப்போய், அவற்றுக்குப் பதிலாகப் புகை மாதிரி மெல்லிய குழாய்கள் மட்டும் தெரிந்தன. அப்போதெல்லாம் குழந்தை வேகமாக மூச்சு விட்டாலே போதும், மூளைக்குப் போகிற ரத்தம் குறைந்துவிடும். ஓங்கி அழுதாலும் சரி, பலூன் ஊதினாலும் சரி, சூடான சூப்பை ஊதிக் குடித்தாலும் சரி, கொஞ்ச நேரத்தில் வலது கை வெட்டி வெட்டி இழுக்கும். பின்னாலேயே உடம்பு முழுக்க வலிப்பு. இரண்டு பக்கமும் அறுவை செய்து, தலைத்தோலில் ஓடுகிற ரத்தக் குழாயை மூளையின் மேல் படிய வைத்தார்கள். அதிலிருந்து இப்போது புதுக் குழாய்கள் கிளைத்திருந்தன.

“பாருங்க, வேர் விட்ட மாதிரி இருக்கு. வலிப்பு வந்தும் பத்து மாசம் ஆச்சு. மாத்திரையை மட்டும் நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க. மத்தபடி எல்லாப் பிள்ளைங்களையும் மாதிரி வளருங்க.”

“அழுது, ஒருவேளை வந்துட்டா?”

“ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாட்சைப் பாருங்க, அஞ்சு நிமிஷம் தாண்டினா ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. இதெல்லாம் நீங்க எனக்கே பாடம் எடுப்பீங்களே!”

அனுமதி கிடைத்துவிட்டது. வீட்டில் யாருக்கும் அதைப் பயன்படுத்தத்தான் தைரியம் வரவில்லை. ஒன்பது வயதுக்காரியை வீட்டில் ஜட்ஜம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் சொன்னால் சொன்னதுதான், மேல்முறையீடு கிடையாது. அவள் சூப்பை அப்பா இரண்டு கிண்ணங்களில் மாற்றி மாற்றி ஆற்றுவார். அவள் தலையில் சீப்பை வைக்கும் முன் அம்மா உத்தரவு கேட்பாள். டி.வி. ரிமோட்டைத் தொட்டு இரண்டு வருடமாகிறது என்று அக்கா கணக்குச் சொல்வாள்.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது செஸ். ஆஸ்பத்திரிப் படுக்கையில் பொழுது போகட்டும் என்று அப்பாதான் சொல்லிக் கொடுத்தார். முதல் நாள் அவர் விளையாட்டுப்போக்கில் அவளுடைய ராணியை வெட்டியதும் அவள் கீழுதடு பிதுங்கியது. மனிதர் பதறிப்போய்க் காயைத் திரும்ப வைத்துவிட்டார்.

“ஐயையோ, மறந்தே போயிட்டேன் கண்ணு. செஸ்ல யாரும் யார் ராணியையும் எடுக்கக் கூடாது. அது சட்டம்.”

அன்றிலிருந்து அந்த வீட்டில் அது சட்டம். அவளுக்கு எதிரே யார் உட்கார்ந்தாலும் தோற்றுவிட்டு எழுந்திருக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம்.

பள்ளியில் செஸ் போட்டி என்று சீட்டு வந்தது. ஜட்ஜம்மா யாரையும் கேட்காமல் பெயர் கொடுத்துவிட்டாள்.

“அப்பா, அங்க போய் மானம் போகப் போகுது” என்றாள் அக்கா. “இப்பவே உண்மையைச் சொல்லிடலாம்.”

“சொன்னா அழுவாளேம்மா.”

“அழலாம்னுதானே டாக்டர் சொன்னாங்க?”

“சரி, நீ சொல்லு.”

“ஆங், சட்டம் போட்டது யாரு? நீங்களே சொல்லுங்க.”

“ஏங்க, யாரு வேணா சொல்லுங்க,” என்றாள் அம்மா. “நான் வேலைக்குப் போனப்புறம் சொல்லுங்க. என்னால பாக்க முடியாது.”

ஆக, யாரும் சொல்லவில்லை.

போட்டியன்று பெற்றோர் கூடத்துக்கு வெளியே நிற்க வேண்டும் என்றார்கள். அப்பா கதவுக் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, ஜட்ஜம்மாவின் கை உயர்ந்தது. மேற்பார்வை ஆசிரியர் வந்தார். கதவு இடுக்கு வழியே எல்லாம் கேட்டது.

“சார், இவன் என் ராணியை எடுத்துட்டான்.”

“எடுக்கலாமேம்மா.”

“எடுக்கக் கூடாது சார். சட்டம்.”

“எந்த ஊர்ச் சட்டம்?”

“எங்கப்பா சொன்னாரு.”

ஆசிரியரின் பார்வை கதவுப் பக்கம் திரும்பியது. அப்பா சட்டென்று குனிந்து, செருப்பில் இல்லாத நாடாவைக் கட்ட ஆரம்பித்தார்.

அவர் நிமிர்ந்தபோது, ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு வந்த மகள் எதிரே நின்றாள்.

“நீ சொன்னது பொய்யா?”

“அது வந்து கண்ணு...”

“அக்காவுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“அம்மாவுக்கு?”

“ம்.”

“அப்போ நான் ஒரு தடவைகூட நிஜமா ஜெயிச்சதில்லையா?”

நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களைக் கதவுக்கு வெளியே நின்றபடியே பேசிப் பேசி அமைதிப்படுத்துகிறவர் அவர். இப்போதும் இன்னொரு பொய் வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டார்.

“இல்லம்மா” என்றார்.

அழுதாள். விசும்பல் கிசும்பல் இல்லை. இரண்டு வருடமாகச் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் மொத்தமாக அவிழ்த்துவிட்டாள். நடைக்கூடமே அதிர்ந்தது. அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு கண்ணை வாட்சிலும் ஒரு கண்ணை அவள் வலது கையிலும் வைத்தார். ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு நிமிடம். மூன்றாவது நிமிடம் அந்தக் கை அசைந்தது.

அவருக்கு உயிரே போய்விட்டது.

கை மேலே உயர்ந்தது. விரல்கள் மடங்கின. நேராக வந்து அவர் நெஞ்சில் பொத்தென்று ஒரு குத்து விட்டது.

“பொய்யா சொன்னே? பொய்யா சொன்னே?”

அடுத்ததும் விழுந்தது. குறி தப்பாத, நல்ல பலமான குத்து.

“அடிம்மா! அப்படித்தான், இன்னும் ஒண்ணு! வலது கையாலேயே அடி!”

பக்கத்தில் நின்ற ஒரு தாய்க்குப் பொறுக்கவில்லை. “என்னங்க இது, குழந்தை இப்படிக் கதறுது, நீங்க சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க?”

“ஆறு நிமிஷம் ஆச்சுங்க!”

“எதுக்கு?”

“அழ ஆரம்பிச்சு!”

அந்த அம்மா தன் பிள்ளையைக் கையோடு இழுத்துக்கொண்டு தள்ளிப்போனார்.

ஒருவழியாக அழுகை அடங்கியது. “கை மரத்துப்போச்சா? தலை வலிக்குதா?”

“கோவமா வருது.”

“அது வரட்டும். வீட்டுக்குப் போலாமா?”

“இன்னும் நாலு ஆட்டம் இருக்கு.”

“வேணாம்மா, இன்னொரு தடவை தோத்து...”

“உன்னைக் கேக்கல.” முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தவள் கதவருகில் நின்றாள். “அப்போ, அடுத்தவங்க ராணியை நானும் எடுக்கலாம்தானே?”

“எடுக்கலாம்.”

“இதை மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?”

கதவு மூடிக்கொண்டது. அப்பா வீட்டுக்காரிக்குப் போன் போட்டார். அவள் வேலை பார்க்கும் சலவைக்கூடத்தில் இஸ்திரி இயந்திரங்கள் உஸ்ஸென்று சீறுவது கேட்டது.

“அழுதுட்டா.”

“கை?”

“என் நெஞ்செலும்பைக் கேளு, சொல்லும். ஒண்ணும் ஆகல.”

அவள் பக்கத்து இயந்திரத்தின் சீறல் நின்றது. பிறகு, “நல்லாவே அழுதாளாங்க? சத்தமாவா?”

“பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டிருக்கும்.”

“ஏய், எம்பொண்ணு அழுதுட்டாளாம்டி!” என்று அவள் கத்தியதும், அங்கே விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் போட்ட கூச்சலில் அவர் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று.

அரை மணி கழித்துக் கதவு திறந்தது. ஜட்ஜம்மா வந்தாள். கண் காய்ந்திருந்தது.

“தோத்துட்டேன். ஆனா ரெண்டு குதிரை வெட்டினேன்.”

“பலே!”

அவர் கை தன்னையறியாமல் வாட்சைத் தேடியது. அவள் பார்த்துவிட்டாள்.

“இப்பவும் அழணுமாப்பா?”

“உன் இஷ்டம்மா.”

ஒரு கணம் யோசித்தாள். “இப்ப பசிக்குது. சாப்பிட்டு வந்து சொல்றேன்.”