பதினான்காம் எண் போன்

நோன்பு மாதம் பாதியைக் கடந்துவிட்டால் இந்தோனேசியாவின் சோலோ நகரத்துப் போன் வாடகைக் கடைகளில் கூட்டம் சேர்ந்துவிடும். பள்ளி நண்பர்கள் ஒன்றாகக் கூடி நோன்பு திறக்கும் மாலைகள் அப்போதுதான் அடுத்தடுத்து வரும். முதுகில் மூன்று கேமராக் கண்கள் கொண்ட விலை உயர்ந்த போன் கையில் இல்லாதவர்களை அந்த மாலைகளில் எவரும் இரண்டாம் முறை நலம் விசாரிப்பதில்லை.

சிறு அங்காடி ஒன்றில் காசாளராக வேலை செய்யும் கினந்தி, தன் அடையாள அட்டையைக் கடைக்காரரிடம் ஈடாகக் கொடுத்தாள்.

"ஸ்டிக்கரக் கிழிச்சிடாத தங்கச்சி. ஏழரைக்குள்ள போன் இங்க இருக்கணும். அடுத்த ஆளு காத்திருக்கு," என்றார் அவர்.

"நம்பர் தெரியாத மாதிரி ஒரு கவர் குடுங்கண்ணே."

"வர்றவங்க எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க," என்று கறுப்பு உறை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். போனின் முதுகில் ஒட்டியிருந்த 14 என்னும் எண் மறைந்தது.

தெருமுனையில் அவள் தோழி நிங்ரும் மோட்டார் சைக்கிளுடன் காத்திருந்தாள். இருவரும் பள்ளியில் ஒரே பெஞ்சில் அமர்ந்தவர்கள். நிங்ரும் இப்போது வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிறாள். வெயில் அவள் புறங்கைகளைக் கறுக்க வைத்திருந்தது. அன்றைய விருந்தை ஏற்பாடு செய்த பள்ளித் தோழி மெய்லானி எல்லோரும் இளம்பச்சையில் வர வேண்டும் என்று கட்டளையிட்டிருந்தாள். நிங்ருமோ பழைய துணிச் சந்தையில் தேடிப் பிடித்த, வண்டி ஓட்டும்போது போடும் ஆரஞ்சு நிற ஜாக்கெட்டில் வந்திருந்தாள்.

"பச்சைதானடி சொன்னாங்க?"

"பச்சைல வந்தா மட்டும் என்னைப் படத்துல நிக்க வச்சிருவாங்களா?"

சென்ற ஆண்டுக் குழுப்படத்தில் நிங்ரும் இல்லை. படத்தை எடுத்தவளே அவள்தான். மங்கலாகப் படம் பிடிக்கும் மலிவுப் போனுக்கு அந்த ஊர் இளைஞர்கள் இட்ட பெயர் உருளைக்கிழங்கு. உருளைக்கிழங்கு வைத்திருப்பவள் மற்றவர் போனில் மற்றவரைப் படம் எடுப்பதே முறை என்று அன்றைக்கு முடிவாகிவிட்டது.

"நீ கூப்பிட்டதுக்காக வர்றேன்," என்றாள் நிங்ரும். "இந்தத் தடவையும் அப்படி ஆச்சுன்னா இனிமே இவங்க யார் மூஞ்சிலயும் முழிக்க மாட்டேன். உன் மூஞ்சிலயுந்தான்."

"நான் இருக்கேன்ல. வண்டிய எடு."

உணவகத்தின் மாடியில் நீண்ட மேசை போடப்பட்டிருந்தது. கினந்தி பையிலிருந்து போனை எடுத்ததுமே மெய்லானியின் புருவங்கள் உயர்ந்தன. "அடிப்பாவி, சொல்லவே இல்ல? வா வா, என் பக்கத்துல உக்காரு!" கினந்தி மேசையின் நடுவுக்கு இழுக்கப்பட்டாள். நிங்ருமுக்குக் கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்து நாற்காலி வாய்த்தது. நடு நாற்காலி கினந்திக்குப் பிடித்திருந்தது. தோழியின் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

மசூதியிலிருந்து பாங்கு ஒலித்தது. பேரீச்சம்பழம் வாய்க்குப் போகும் முன்பே கேமராக்கள் உயர்ந்தன. பகல் முழுவதும் பசித்திருந்தவர்கள், சுட்ட கோழி எல்லாக் கோணங்களிலும் படமாகும்வரை இன்னும் சற்றுப் பசித்திருந்தார்கள். கோழி ஆறியது. பிறகு சாப்பிட்டார்கள்.

தட்டுகள் காலியானதும் மெய்லானி கைதட்டினாள். "குரூப் போட்டோ! நிங்ரும், நீதான் கை நடுங்காம எடுப்ப. கினந்தி போன்ல எடு. உன் உருளைக்கிழங்க உள்ள வை, நாத்தம் வரும்."

மேசை சிரித்தது. நிங்ரும் கினந்தியைப் பார்த்தாள். கினந்தி தன் தட்டிலிருந்த எலும்பைப் பார்த்தபடியே போனை நீட்டினாள்.

நிங்ரும் அதை வாங்கிக்கொண்டு தள்ளி நின்றாள். எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நெருங்கினார்கள். அப்போது அவள் கையிலிருந்த போன் பெருங்குரலெடுத்து அலறியது. கடைக்காரர் அதில் நினைவூட்டல் மணி வைத்திருந்தது கினந்திக்குத் தெரியாது. திரையில் கொட்டை எழுத்தில் தெரிந்தது: 'வாடகை போன் 14. ஏழரைக்குள் திருப்பவும்.' நிங்ரும் அதைப் படித்தாள். விரலால் தள்ளி அணைத்தாள்.

"யாரு போன்டா இப்படிக் கத்துது?" என்றான் தாமர், அவர்களுடன் படித்தவன்.

"என்னுதுதான்," என்று நிங்ரும் தன் ஜாக்கெட் பையைத் தட்டிக்காட்டினாள். "டெலிவரி அலாரம்."

"நோன்பு திறக்கிற நேரத்துலயும் பார்சலா? கொஞ்சமாச்சும் வாழு தாயே!"

"விடுடா, பாவம்," என்று மெய்லானி சிரித்தாள்.

நிங்ரும் போனை மீண்டும் உயர்த்தினாள். "கினந்தி, நீயும் சிரி," என்றாள். அந்தக் குரலில் குத்தல் சிறிதும் இல்லை. குத்தல் இருந்திருந்தால் கினந்தி சிரித்தே இருப்பாள்.

அவள் எழுந்தாள். போனை வாங்கி, கறுப்பு உறையைக் கழற்றி, முதுகு மேலே தெரியும்படி மேசையின் நடுவில் வைத்தாள்.

"இது என்னுது இல்ல. வாடகை. கத்தினதும் இதுதான், அவ போன் இல்ல."

14 என்ற எண்ணை எல்லோரும் பார்த்தார்கள். மேசைமீதிருந்த தன் போனைத் தாமர் மெல்ல எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அதன் உறையும் கறுப்புதான்.

"உனக்கு அசிங்கமா இல்ல? இத எல்லார் முன்னாடியும் சொல்லணுமா?" என்றாள் மெய்லானி.

"வாடகைக்கு எடுக்கும்போது இல்ல. இவ என் பொய்யத் தூக்கித் தன் தலைல வச்சுக்கிட்டப்பதான் அசிங்கமா இருந்துச்சு. போட்டோ எடுக்கணும்னா நிங்ரும் போன்ல எடுப்போம். பரிமாறுற அக்கா எடுக்கட்டும். இவ நடுவுல நிப்பா."

"உருளைக்கிழங்குலயா? நான் நிக்க மாட்டேன்."

"நிக்காத. வெளிய நின்னு பாக்குறது எப்படி இருக்கும்னு ஒரு வருஷம் நீயும் தெரிஞ்சுக்க."

நாற்காலிகள் தயங்கின. பிறகு நான்கு பேர் எழுந்து வந்தார்கள். தாமர் கடைசியாக வந்தான். மற்றவர்கள் மெய்லானியின் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பரிமாறும் பெண் கையைத் துடைத்துக்கொண்டு படம் எடுத்துக் கொடுத்தாள். விளக்கொளி திரையில் வழிந்திருந்தது; முகங்கள் கரைந்திருந்தன. நடுவில் ஆரஞ்சு ஜாக்கெட் மட்டும் நெருப்பு மூட்டியதுபோல் தெரிந்தது.

"என் மூஞ்சியே தெரியலடி," என்றாள் நிங்ரும்.

"ஜாக்கெட் தெரியுதுல்ல? போதும்."

"சரி, வண்டில ஏறு, பதினாலாம் நம்பர். ஏழரை ஆகப்போகுது."

இருவரும் படிக்கட்டை நெருங்கியபோது மெய்லானியின் குரல் தொடர்ந்து வந்தது. "நாளைக்கு உன்னப் பாத்து ஊரே சிரிக்கப் போகுது, பாத்துக்கிட்டே இரு!"

கினந்தி நின்று திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"சிரிக்கட்டும். வாடகைக்கு வாங்கின மதிப்பு ஏழரை மணியோட கடைக்குப் போயிரும். அதுக்காகக் கூடப் படிச்சவள வெளிய நிக்க வச்சோம் பாரு, அந்தக் கேவலத்த எந்தக் கடையும் திருப்பி வாங்கிக்காது. படம் மங்கினா மங்கட்டும் மெய்லானி. ஆள விட்டுட்டு எடுக்காத."