வெர்னா விற்ற ஜன்னல் ஏசி

ஹேசல் தெருவில் யார் வீட்டுக் குப்பைத்தொட்டியில் என்ன பாட்டில் கிடக்கிறது என்பது வரை வெர்னா கோஸ்டெல்னிக்குக்கு அத்துப்படி. அப்படிப்பட்டவளுக்குத் தான் விற்ற ஏசி இப்போது யார் வீட்டில் இருக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை.

சனிக்கிழமை வந்த கம்பெனிக் கடிதம்தான் இதைக் கிளப்பிவிட்டது. வெயிலில் குளிரும் பனியில் சூடும் தருகிற அந்த ஜன்னல் ஏசியில் கோளாறாம். சூட்டுக்குத் திருப்பினால் வயர் உருகித் தீப்பிடிக்குமாம். சில வீடுகளில் பிடித்தும் இருக்கிறதாம். உடனே பிளக்கைப் பிடுங்குங்கள், வயரை வெட்டிப் படம் எடுத்து அனுப்புங்கள், புதுசு தருகிறோம். விற்றிருந்தால் வாங்கியவருக்குச் சொல்லுங்கள்.

சொல்லலாம். யாருக்கு? போன ஜூனில் வாசல் புல்வெளியில் பழைய சாமான்களைப் பரப்பி விற்றார்களே, அன்றைக்கு அந்த ஏசி கைமாறிய நேரத்தில் வெர்னா சமையலறையில் போனில் இருந்தாள். தபால்காரரின் விவாகரத்துக் கதை பாதியில் நின்றது. அப்படியே விட்டுவிட்டு வர முடியுமா?

"யாருக்குய்யா குடுத்த?" என்று புருஷன் ஸ்டஷ்ஷைப் பிடித்தாள்.

"பச்சைக் காரு. குள்ளமா ஒரு பொம்பள. வெளியூரு."

"பேரு? யாரு வீட்டுக்குச் சொந்தக்காரி? ஒண்ணுமே கேக்கலையா?"

"அதுக்குத்தான் நீ இருக்கியே."

மறுநாள் காலையில் இந்த வருஷத்து முதல் உறைபனி புல்லை வெளுத்திருந்தது. இன்றைக்கு எல்லா வீட்டிலும் சூட்டுக்குத் திருப்பியிருப்பார்கள். வெர்னா கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

ஞாயிறு இரண்டு மணிக்குத் தீயணைப்பு நிலையக் கூடத்தில் பிங்கோ ஆட்டம். காய்ச்சல்காரர்கள் தவிர ஊரே வரும். எண்களைக் கூவிக்கொண்டிருந்த தீயணைப்புத் தலைவர் லூபிச்சிடம் போய் மைக்குக்குக் கை நீட்டினாள்.

"வெர்னாக்கா, வம்பெல்லாம் இடைவேளையில வச்சுக்கங்க."

"வம்பு இல்ல தம்பி. நான் பண்ணின தப்பு."

கூடம் நிமிர்ந்து உட்கார்ந்தது. வெர்னா தன் வாயால் தன் தப்பைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. கடிதத்தைப் படித்தாள். 'புதுசு மாதிரி' என்று அட்டை எழுதி ஒட்டியது தான்தான் என்றாள். பச்சைக் கார், குள்ளமான பெண், யாருக்காவது தெரியுமா?

மூன்றாவது மேஜையில் ஐரீன் ஹூடாக் எழுந்தாள். வெர்னாவும் அவளும் பேசிப் பதினோரு வருஷம். ஐரீன் செய்த பியரோகிக் கொழுக்கட்டையின் மாவு கடையில் வாங்கியது என்று சர்ச் விற்பனையில் வெர்னா சொன்ன நாளிலிருந்து.

"அது என் சித்தி பொண்ணு. நான்தான் அனுப்பினேன்."

"எதுத்த வீடு! நீயே வந்தா என்னடி?"

"உங்கிட்டயா? எந்த ரூமுக்குன்னு கேப்ப, சாயங்காலத்துக்குள்ள ஊரே..." சட்டென்று அவள் முகம் வெளுத்தது. "டில்லி ரூம்லதான் இருக்கு. காலையிலதான் சூட்டுக்குத் திருப்பினேன்."

கூடத்தில் கிளம்பியிருந்த சிரிப்பு நின்றது. டில்லி ஐரீனின் தங்கை. பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாகப் படுக்கை. தீப்பிடித்தாலும் எழுந்து ஓட முடியாதவள்.

லூபிச்சும் இன்னும் இரண்டு பேரும் ஓடினார்கள். கூடத்திலிருந்து ஐரீன் வீடு நான்கு வீடு தள்ளித்தான். பின்னாலேயே இரண்டு பெண்களும், ஒருத்தி கையை ஒருத்தி எப்போது பிடித்தோம் என்று தெரியாமலே.

பின்னறையில் பிளாஸ்டிக் கருகும் நெடி. லூபிச் பிளக்கைப் பிடுங்கினார். ஒரு பக்கம் பழுப்பேறிக் கொழகொழவென்று இருந்தது.

"டில்லி, போன்ல கூப்பிட்டிருக்கக் கூடாதா?" என்றார்.

"தீயிற வாசனை வந்துச்சு," என்றாள் டில்லி, கட்டிலிலிருந்து. "ஐரீன் அடுப்புல எதையோ வச்சிட்டுப் போயிட்டான்னு நினைச்சேன். வழக்கம்தானே."

ஐரீன் அழுதுகொண்டே சிரித்தாள். ஏசியைக் கழற்றிப் புல்லில் வைத்தார்கள். வயரை வெர்னா இழுத்துப் பிடிக்க, ஐரீன் வெட்ட, லூபிச் படம் எடுத்தார். கம்பெனி கேட்டது வயரை மட்டும்தான்; படத்தில் இரண்டு பெண்களின் மூக்குகளும் விழுந்துவிட்டன.

"புதுசு வர்ற வரைக்கும் டில்லி எங்க வீட்டுல இருக்கட்டும்," என்றாள் வெர்னா. "கீழ் ரூம் சும்மாதான் கிடக்கு, கதகதன்னு இருக்கும்."

"உன் வீட்டுலயா? எங்க வீட்டு விஷயம் ஒண்ணு விடாம கறந்துடுவ."

"அய்யோ, நான் போறேன்," என்றது உள்ளேயிருந்து டில்லியின் குரல். "தபால்காரர் விவாகரத்து என்னாச்சுன்னு இந்த வீட்டுல ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க."