கதவோரத்துத் தார்க்கோடுகள்

கோடுகள் மூன்றா, நான்கா என்பது இப்போது எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. மனுவில் மூன்று என்றுதான் எழுதினேன். ஆனால் கண்ணை மூடினால் சில நாள் நான்கு தெரிகிறது. அது 1980ஆம் ஆண்டு என்பதும் ஜேன் கல்யாணத்தை வைத்து நான் போடும் கணக்குதான். யார் எங்கே நின்றார்கள், யார் என்ன சொன்னார்கள் என்பதையெல்லாம் இத்தனை வருடம் மனத்துக்குள் புரட்டிப் புரட்டி நானே கொஞ்சம் மாற்றியிருப்பேன். அதிகாரி கேட்டதற்கு நான் சொன்ன பதில் மட்டும் மாறாமல் அப்படியே இருக்கிறது.

எங்கள் ரப்பர் தோட்டம் யான் என்ற ஊருக்குப் போகும் சாலையில், ஜெராய் மலையின் அடியில் இருந்தது. அதைத் துண்டு போட்டு விற்றபோது லயத்து வரிசை வீடுகளில் இருந்த இருபது குடும்பங்கள் ஓடைக்கரையில் ஆளுக்கு ஒரு மனை வாங்கிப் பலகை வீடு கட்டிக்கொண்டன. எல்லாவற்றிலும் தாழ்ந்த மனை அகத்தாவுடையது. புருஷன் போன பிறகு பால் மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தே மகள் ஜேனை வளர்த்து, அந்த வீட்டையும் எழுப்பியவள். தோட்டம் விற்ற பிறகும் மூடாமல் இருந்த தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் டிரஸராக, அதாவது மருந்து கொடுத்துக் கட்டுப் போடுபவனாக இருந்தேன். இஞ்ஞாசிமுத்து என்ற என் பெயரை யாரும் சொல்வதில்லை, டிரஸர்தான். தனி ஆள். புத்தகம் உண்டு, பேச்சு குறைவு.

ஓடைக்கு அக்கரையில் பாயா. சதுப்பை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். மலையில் பெரிய மழை அடித்தால் தண்ணீர் முதலில் பாயாவில் போய்ப் படுக்கும். அது நிறைந்த பிறகுதான் எங்கள் பக்கம் ஏறும். ஓடையிலிருந்து ஒரு செயின், அதாவது அறுபத்தாறு அடிக்குள் யாரும் கட்டக்கூடாது, வெள்ளம் நிற்கும் நிலத்தை மண் போட்டு மேடாக்கக்கூடாது என்று பழைய விதி இருந்தது. அந்த வருடம் ஒரு நிறுவனம் பாயாவில் கீழே கடை, மேலே வீடு, பின்னால் பாசார் என்கிற சந்தை, ஒரு சினிமாக் கொட்டகை என்று வரைபடம் கொடுத்தது. அதே மாதத்தில் மாவட்ட மன்றம், பழைய விதிகளை மறுபரிசீலனை செய்யப் போவதாகவும் ஆட்சேபம் உள்ளவர்கள் எழுதலாம் என்றும் அறிவிப்பு ஒட்டியது. இரண்டும் ஒரே மாதத்தில் வந்ததை நான் தற்செயல் என்று எடுத்துக்கொள்ளவில்லை.

பாயாவை மூடினால் தண்ணீர் நேராக அகத்தா வீட்டுக்குள் போகும். இதைச் சொல்ல மன்றத்து அலுவலகத்துக்குப் போனேன். வாய்ப்பேச்சு எடுபடாது, எந்த வருடம் எத்தனை அடி என்பதற்கு அடையாளம் வேண்டும் என்றார்கள்.

அடையாளம் இருந்தது. எங்கள் அந்தோணியார் கோயிலுக்குள் பின்கதவு ஓரச் சுவரில், காலமாகிவிட்ட உபதேசியார் ஏசுதாசன் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் தண்ணீர் நின்ற மட்டத்தில் தாரால் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் வருடம் எழுதி வைத்திருந்தார். திருநாளுக்கு வருடா வருடம் சுண்ணாம்பு அடிக்கும்போது அந்த ஒரு முழ அகலத்தை மட்டும் விட்டுவிட்டு அடிப்பது எங்கள் வழக்கம். ஏன் விடுகிறோம் என்று சின்னவர்களுக்குத் தெரியாது. பெரியவர்களுக்கும் மறந்துகொண்டிருந்தது.

கோடுகளைப் பற்றி மனுவில் விவரமாக எழுதினேன். நேரில் வந்து பார்க்கும்படி கேட்டேன். என்ன எழுதினேன் என்று ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நிறுவனத்தின் காதுக்குப் போய்விடும் என்று நினைத்தேன்.

"டிரஸரே, மனுவுல என்னதான்யா எழுதுனீங்க? எங்களுக்கும் சொல்லுங்கலா," என்றான் ஆடு வளர்க்கும் இருளப்பன்.

"எழுத வேண்டியதை எழுதியிருக்கேன்."

"மருந்து கலக்குற மாதிரியே மனுவும் கலக்குறாரு இவரு. உள்ள என்ன இருக்குன்னு குடிச்சவனுக்குத்தான் தெரியும்!"

அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். அகத்தாவும் சிரித்தாள். அதிகாரி உயிர்ப்பு ஞாயிறு கழித்து வியாழக்கிழமை வருகிறார் என்று மட்டும் அவர்களிடம் சொன்னேன்.

உயிர்ப்பு ஞாயிறு பூசைக்குக் கொஞ்சம் முன்னதாகவே போனேன். பின்கதவுப் பக்கம் திரும்பியதும் நின்றுவிட்டேன். அந்த ஒரு முழ இடம் மறைந்திருந்தது. சுண்ணாம்பு அடித்திருந்தால் கழுவிவிடலாம். இது எண்ணெய்ச் சாயம், பாலாடை நிறம், இரண்டு பூச்சு. கை வைத்தால் பிசுபிசுத்தது.

அந்த நிறத்தை நான் பார்த்திருந்தேன். அக்கரையில் நிறுவனம் நட்டிருந்த பெரிய பலகையின் நிறம் அது. அந்தப் பலகைக்குச் சாயம் அடித்தவன் மோரிஸ். எங்கள் வரிசையில் ஐந்தாவது வீட்டுக்காரன், சாயம் அடிப்பதே தொழில். கோயில் கமிட்டியிலும் இருந்தான்.

பூசை முழுவதும் நான் சாமியாரைப் பார்க்கவில்லை, மோரிஸின் பின்கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்சேப மனுக்களை யார் வேண்டுமானாலும் மன்றத்தில் கேட்டுப் படிக்கலாம். நிறுவனம் படித்திருக்கும். மோரிஸைக் கூப்பிட்டிருக்கும். ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. இவ்வளவு சுலபமாக உட்கார்ந்ததே, அதைக் கொஞ்சம் சந்தேகப்பட்டிருக்கலாம். எனக்கு அது தோன்றவில்லை.

மறுநாள் அவனே ஆஸ்பத்திரிக்கு வந்தான்.

"அண்ணே, சுவத்தப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"ஆபீசர் பாக்க வர்றது அந்தக் கோட்டத்தானே? நேத்து நீங்க அங்கயே நின்ன நிப்புல புரிஞ்சுச்சு. முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா."

"சாயம் யாரோடது?"

"என்னோடதுதான். பலகைக்கு அடிச்சது போக மிச்சம்."

"அடிச்சது யாரு?"

மோரிஸ் மருந்து அலமாரியைப் பார்த்தான். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தான். "அது வேணாம்ணே. கெட்ட எண்ணத்துல யாரும் அடிக்கல. நான் சொல்றதக் கேளுங்க. தாரு மேல எண்ணெய்ச் சாயம் நிக்காது. ரெண்டு மூணு வாரத்துல பழுப்பா மேல ஏறி வந்துரும். எத்தனை பூச்சு அடிச்சாலும் வரும். இப்பச் சுரண்டாதீங்க, சுரண்டுனா தாரும் சேந்து பேந்துரும். வியாழக்கிழமை ஆபீசர்கிட்ட மூணு வாரம் தவணை கேளுங்க. அது போதும்."

ஆட்சேபங்களைக் கேட்கும் காலம் அந்த வாரம் சனிக்கிழமையோடு முடிகிறது என்று அறிவிப்பில் போட்டிருந்தது. தவணை கேட்டால் சனிக்கிழமை தாண்டிவிடும். தாண்டினால் மனுவே செல்லாது என்று கிழித்துவிடலாம். இவன் கேட்கச் சொல்வது இதற்குத்தான் என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. அதை என் புத்தி என்றே நம்பினேன்.

"சரி, போ," என்றேன். அவன் வாசலில் கொஞ்ச நேரம் நின்றான். நான் புத்தகத்தை எடுத்துப் பிரித்துக்கொண்டேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு லேண்ட்ரோவர் வந்தது. இறங்கியவர் மன்றத்து அதிகாரி ஹாஷிம்; மலாய் மரியாதைப்படி என்சிக் ஹாஷிம் என்போம். வெயிலுக்குத் தலையில் கைக்குட்டை போட்டிருந்தார், மரியாதையாகப் பேசினார். நிறுவனத்து ஆள் ஒருவர் குடையோடு பின்னால் வந்தார். எங்கள் வரிசையே கோயில் வாசலில் கூடியிருந்தது. அகத்தா எல்லாருக்கும் தேத்தண்ணி கலக்கி வைத்திருந்தாள். இருளப்பன் ஓர் ஆட்டைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான்.

"ஆடு எதுக்குடா?" என்றார் ஒருவர்.

"போன வெள்ளத்துல நீந்துன ஆடுலா. சாட்சி."

அதிகாரி சுவருக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். விரலால் தொட்டு மூக்கருகில் கொண்டுபோனார். மலாயில் கேட்டார், எங்கே கோடு என்று. இங்கேதான் இருந்தது என்றேன். எப்போது மூடியது என்றார். போன வாரம் என்றேன். குடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

என்சிக் ஹாஷிம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்: மனுவைக் கட்டுக்கதை என்று நான் நினைக்கவில்லை. உங்களுக்குக் கால அவகாசம் வேண்டும் என்றால் இப்போது என்னிடம் கேளுங்கள். நீங்களாகக் கேட்டால்தான் நான் எழுத முடியும்.

மோரிஸ் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். 'கேளுங்க' என்பதுபோல் தலையை ஆட்டினான். அதிகாரியும் அவனும் ஒரே விஷயத்தைச் சொல்கிறார்கள் என்பதைக் கவனித்தேன். அப்படியானால் அதிகாரியும் அவர்கள் பக்கம்தான் என்று முடிவு கட்டினேன்.

"வேண்டாம்," என்றேன். மலாயில் அது இரண்டே சொல். தாக் பெர்லு.

அவர் எழுதிக்கொண்டார். தேத்தண்ணியைப் பாதி குடித்தார். அகத்தாவுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். ஆடு மட்டும் கத்தியது.

அடுத்த வாரத்துக்கடுத்த திங்கட்கிழமை மன்றம் கூடியது. வெள்ளம் பற்றி உறுதியான அடையாளம் காட்டப்படவில்லை என்று குறித்து, ஒரு செயினை அரைச் செயினாகக் குறைத்தது. பாயாவில் மண் கொட்டவும் அனுமதி கொடுத்தது.

அந்தச் சனிக்கிழமை ஜேனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஊர் சுங்கைப்பட்டாணி. மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பஸ்ஸில் வந்து இறங்கிக் கோயில் பெஞ்சுகளை நிரப்பினார்கள். அகத்தாவுக்கு முதல் பெஞ்சில் இடம் போட்டிருந்தது. அவள் அங்கே உட்காரவில்லை. பட்டுச்சேலையோடு பின்கதவு ஓரத்தில் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். வாக்குறுதியின்போதும் அங்கேயே நின்றாள். நற்கருணை வாங்கக்கூட வரவில்லை. பெண்ணைப் பெற்றவள் அழுகையை மறைக்கிறாள் என்று மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

எல்லாரும் சாப்பாட்டுக் கொட்டகைக்குப் போன பிறகும் அவள் நகரவில்லை. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"போயிட்டாங்களாண்ணே?"

"போயிட்டாங்க."

அவள் விலகினாள். பாலாடை நிறத்துக்குள்ளிருந்து பழுப்புக் கோடுகள் வெளியே வந்திருந்தன. எழுத்தும் வந்திருந்தது. 1976 தெளிவாகத் தெரிந்தது. அது அவள் நெஞ்சு உயரத்தில் இருந்தது.

"நாந்தாண்ணே அடிச்சேன்," என்றாள். "பொண்ணு பாக்க வந்தப்ப மாப்பிள்ளையோட அம்மா கேட்டுச்சு, இது தண்ணி ஏறுற எடமான்னு. சத்தியமா இல்லன்னு சொல்லிட்டேன். கல்யாணத்தன்னைக்கு இங்க வந்து ஒக்காந்தா இதத்தானே பாக்கும்? மோரிஸ் தம்பிகிட்டச் சாயம் கேட்டேன். எதுக்குன்னு அவருக்குத் தெரியாது. அடிச்சப்புறந்தான் சொன்னேன். யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு கால்ல விழாத கொறை. சனியன், மறுபடியும் ஏறி வந்துருச்சு பாருங்க."

நான் அந்தப் பழுப்புக் கோட்டை விரலால் தடவினேன்.

"தப்பாண்ணே? கோயில் சுவத்துல கை வச்சது?"

"தப்பில்ல."

"ஆபீசர் வந்து இதத் தொட்டுத் தொட்டுப் பாத்தாரே, எதுக்கு?"

கொட்டகைப் பக்கத்திலிருந்து இருளப்பன் யாரையோ கிண்டல் செய்யும் சத்தம் கேட்டது. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அன்று நாங்கள் பேசிய மலாயும் புரிந்திருக்காது. மனுவில் என்ன இருந்தது என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தத் தூரிகையை எடுத்திருக்கவே மாட்டாள். மோரிஸ் சொன்னதைக் கேட்டிருந்தாலும் போதும். இரண்டு கதவையும் நான்தான் சாத்தியிருந்தேன்.

"ஈரமா இருக்கான்னு பாத்தாரு," என்றேன். "வா, பொண்ணு தேடும்."

முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்தாள். கொட்டகை வாசலில் மோரிஸ் சோற்றுக் கூடையோடு நின்றான். என்னைப் பார்த்தான். நான் அவனிடம் சொல்ல வேண்டியதைச் சேர்த்துக் கோர்த்து வைத்திருந்தேன். இலையில் உட்கார்ந்ததும் அவன் சோறு போட்டான். போதும் என்று கையைக் காட்டினேன். அவ்வளவுதான் அன்று அவனிடம் நான் பேசியது.

பாயாவில் மண் கொட்டினார்கள். கீழே எட்டுக் கடைகள், மேலே எட்டு வீடுகள் எழும்பின. சினிமாக் கொட்டகை வரவே இல்லை. இருளப்பன் ஆடுகளை விற்றுவிட்டு அதில் ஒரு கடையில் காப்பிக்கடை வைத்தான், நன்றாகவே ஓடியது. 1983 அக்டோபரில் அகத்தா வீட்டுக்குள் ஜன்னல் மட்டத்துக்குத் தண்ணீர் வந்து ஒன்பது நாள் நின்றது. வீட்டின் பின்பாதி சாய்ந்துவிட்டது. அவள் சுங்கைப்பட்டாணியில் மகள் வீட்டுக்குப் போனாள். அந்தச் சம்பந்தியம்மாவே ஆள் அனுப்பிக் கூட்டிக்கொண்டாள். அதிகாரி எதற்குச் சுவரைத் தொட்டார் என்பது தெரியாமலே, 1987இல் அங்கே இறந்தாள். ஜேனுக்கு மூன்று பிள்ளைகள். என்சிக் ஹாஷிம் வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போனார். மோரிஸ் பட்டர்வொர்த்தில் கப்பல்களுக்குச் சாயம் அடிக்கிறான் என்று கேள்வி. அவனுக்கு இரண்டு முறை கடிதம் எழுதினேன், தபாலில் போடவில்லை. நான் ஓய்வு பெற்றுப் பெண்டாங் என்ற ஊரில் தம்பி வீட்டில் இருக்கிறேன். கோயில் அங்கேயே இருக்கிறது. 1983க்கு யாரும் கோடு போடவில்லை.