ஒற்றை விசில் ரீமிக்ஸ்

பெங்களூர் இசை நிறுவனத்திடம் இருந்து வந்த மின்னஞ்சல் இரண்டே வரி. வெள்ளிக்கிழமை வெளியாகும் நான்கு ரீமிக்ஸ்களில் என்னுடையதும் ஒன்று. அதில் வரும் விசில் யாருடையதோ, அவருடைய எழுத்துச் சம்மதம் இன்று மாலை ஆறு மணிக்குள் வராவிட்டால் மற்ற மூன்றை மட்டும் வெளியிடுவார்கள்.

விசில், நான் தினமும் வேலைக்குப் போகும் திருமயம் - புதுக்கோட்டை பஸ்ஸின் கண்டக்டர் வெள்ளைச்சாமியுடையது. போன மாதம் அவருக்குத் தெரியாமல் போனில் பதிவு செய்தேன். இயற்பியல் படித்த மூன்று வருடமும், தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் இந்த ஒரு வருடமும் அதே பஸ்தான். அவரிடம் நான் பேசியதெல்லாம் "புதுக்கோட்டை ஒண்ணு" மட்டும்.

நான் கணினியில் டெக்னோ இசை செய்வது வீட்டில் யாருக்கும் தெரியாது. எல்லாம் ஹெட்போனில்.

காலையில் பஸ் கிளம்புமுன் ஏறி அவரிடம் சொன்னேன். சம்மதித்து ஒரு கையெழுத்து வேண்டும் என்றும் கேட்டேன்.

"என் விசிலா? பாட்டுலயா? எங்க, போடு கேப்போம்."

போனை வாங்கி டிரைவர் ரகுநாத்திடம் கொடுத்தார். அவர் பஸ் ஸ்பீக்கரில் இணைத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

முதல் இரண்டு நிமிடம் வெறும் தாள அடி, அதன் கீழே பேஸின் அதிர்வு.

"பாட்டு எப்பப்பா வரும்?" என்றார் பின் சீட்டில் ஒருவர்.

"இதான் பாட்டாம்."

"மோட்டார் ரூம்ல ஒக்காந்த மாதிரில்ல இருக்கு."

ஊரைத் தாண்டி ஒரு கண்மாய் ஓரம் போகும்போது விசில் வந்தது. ரகுநாத் பிரேக் போட்டார். யாரும் இறங்கவில்லை. நான்கு அடிக்கு ஒரு விசில் வந்துகொண்டே இருந்தது.

"எறங்குறவங்க சட்டுனு எறங்குங்கப்பா!" என்றார் ரகுநாத்.

வயலில் இருந்து ஒரு அம்மா புல்லுக்கட்டோடு ஓடி வந்து ஏறினார். "அதிசயமா இருக்கு. கையக் காட்டாமயே நிக்கிறீங்க!"

பஸ்ஸே சிரித்தது. வெள்ளைச்சாமி இரண்டு விசில் கொடுத்தார். வண்டி நகர்ந்தது. ஸ்பீக்கர் ஒரு விசில் கொடுத்தது. வண்டி நின்றது. ரகுநாத் ஸ்பீக்கரை அணைத்தார்.

"ஏம்மா, பாட்டு போடுறியா, பிரேக் டெஸ்ட் பண்றியா?"

நான் ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைச்சாமி சிரிக்காமல் பக்கத்தில் வந்து நின்றார்.

"அம்புட்டும் ஒத்த விசிலு. நிப்பாட்டு, நிப்பாட்டுனே ஊதிக்கிட்டு இருக்கேன். ஒரு தடவகூட ரைட் குடுக்கல. கேக்குறவன் என்னைய என்ன நெனப்பான்? கையெழுத்தெல்லாம் போட மாட்டேன்மா."

கேட்பவர்களுக்கு இந்த பஸ்ஸே தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால், ஒற்றை விசில் தாளத்தில் சுத்தமாக உட்காருகிறது என்பதற்காக இரட்டையை விட்டது நான்தான்.

"ரைட் வச்சா போடுவீங்களாண்ணே?"

"வையி. பாப்போம்."

வழியில் நமணசமுத்திரம் நிறுத்தத்தில் ஆட்கள் ஏறியதும், நான் நீட்டிய போனைப் பார்த்து இரண்டு ஊதினார். வழக்கத்தைவிட நீளமாக.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் லேப்டாப்பைத் திறந்தேன். ரீமிக்ஸின் நடுவில் எல்லாம் அடங்கி, மறுபடி அடி தொடங்கும் இடம் ஒன்று உண்டு. இரண்டு வாரமாக அங்கே ஏதேதோ இரைச்சலைப் போட்டு நிரப்பிப் பார்த்திருந்தேன். அதை எடுத்துவிட்டேன். நான்கு எண்ணிக்கை வெறுமை. இரட்டை விசில். அப்புறம் அடி.

என் கால் தானாக ஆடியது. சோற்றை மறந்துவிட்டேன்.

ஐந்தேகால் பஸ்ஸில் ஹெட்போனை வெள்ளைச்சாமியிடம் கொடுத்தேன். "ஸ்பீக்கர்ல மட்டும் வேணாம்மா, கோடிப் புண்ணியம்" என்றார் ரகுநாத், திரும்பாமலே.

வெள்ளைச்சாமி கம்பியில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டார். டிக்கெட் கேட்டவர்களைக் கையமர்த்தினார். அந்த இடம் எப்போது வரும் என்று நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். வந்தபோது அவர் புருவம் ஏறியது.

"இப்பத்தான் வண்டி போகுது" என்று ஹெட்போனைக் கழற்றினார். "பேப்பரக் குடு."

என் நோட்டில் எழுதி வைத்திருந்த சம்மதத்தின் கீழே கையெழுத்துப் போட்டார். வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியதில் கடைசி எழுத்து வரியை விட்டு மேலே போய்விட்டது.

"இதுக்கு ஆடுவாங்களா?"

"ஆடுவாங்கண்ணே."

"யாராச்சும் விழுந்து கிழுந்து வச்சா என்னையக் கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டாங்கண்ணே" என்றேன். கையெழுத்தைப் படம் எடுத்து, புதிய ரீமிக்ஸோடு சேர்த்து அனுப்பினேன். மணி ஐந்து நாற்பத்தாறு.