கேட்டுக்கு வெளியே நின்ற கார்

எட்வர்ட் கத்தினால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பாதிப் புகைபோக்கிகள் மூச்சை அடக்கிக்கொள்ளும். அன்று மொத்தமும் அடக்கிக்கொண்டன.

காரணம், பெரிய கார் கம்பெனியின் பர்ச்சேஸ் அதிகாரி பரத். எட்வர்டின் பட்டறை அந்த ஒரு கம்பெனிக்கு மட்டும்தான் சைலன்சர் செய்கிறது. விலையில் பத்தில் ஒரு பங்கு குறைக்க வேண்டும், இல்லையென்றால் ஆர்டர் ஆந்திரா பக்கம் போய்விடும் என்று போனிலேயே சொல்லிவிட்டு, அன்று நேரில் பேச வருவதாக இருந்தார். குறைத்தால் இரண்டாம் ஷிஃப்ட்டை மூட வேண்டும். வெல்டிங் ரோசம்மாள் உட்படப் பாதிப் பேர் வீட்டுக்குப் போக வேண்டும். ஓய்வு பெற்றபின் வேடிக்கை பார்ப்பதையே முழுநேர வேலையாக வைத்துக்கொண்ட நான், இந்தச் சண்டைக்காக வாட்ச்மேன் நாற்காலியில் காலையிலேயே இடம் பிடித்திருந்தேன்.

பரத் வந்து இறங்கிய காரைப் பார்த்ததும் எனக்கு இருபது வயது குறைந்தது. போட்டிக் கம்பெனியின் புத்தம் புது எலெக்ட்ரிக் கார்!

"எட்வர்டு! ஓடியா, உன் பெரிய கம்பெனி இன்னா வண்டில வந்துகிது பாரு!" என்று கூவினேன்.

பரத்தின் கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு. வேறு கம்பெனிக் கார் கேட்டைத் தாண்டக் கூடாது. போன மாதம் எட்வர்ட் தன் பழைய காரை ரோட்டில் விட்டுவிட்டு உச்சி வெயிலில் உள்ளே நடந்தான். அன்று அவன் சிந்திய வியர்வைக்கு மீஞ்சூரில் கடல்நீரைக் குடிநீராக்க இன்னொரு ஆலை கட்டலாம்.

"வண்டி வெளியவே நிக்கட்டும் சார்," என்றான் எட்வர்ட். "இங்கயும் அதே ரூல்தான்."

"லாரி இடிச்சிடும் எட்வர்ட், உள்ள விடச் சொல்லுங்க. நாங்களே பேஜார்ல இருக்கோம். புதுக் கம்பெனிங்க வந்துகினே இருக்கு, இரும்பு விலை ஏறுது, ஷோரூமுக்கு வர்றவன் எலெக்ட்ரிக்குக்குப் போயிடறான். நாலு பக்கமும் நெருக்கறாங்க."

"நெருக்கறவன்ல நீயும் ஒருத்தன்தான் நைனா!" எட்வர்ட் கத்தினான். " உன் கம்பெனி வண்டிய நீயே வாங்கல. அதுக்கு என் ஆளுங்க வயித்துல ஏன் அடிக்கிற?"

பரத் குரலைத் தாழ்த்தினார். "அது என் ஒய்ஃப் செலக்‌ஷன். ஆபீஸ்ல சொல்லிடாதீங்க."

இதற்குள் ரோசம்மாள் வெளியே வந்து காருக்கடியில் குனிந்து பார்த்திருந்தாள். "அண்ணே, இதுல சைலன்சரே இல்லண்ணே."

எட்வர்டின் கத்தல் நின்றது. கும்மிடிப்பூண்டியில் அப்படி ஓர் அமைதியை யாரும் கேட்டதே இல்லை, நானே பயந்துபோனேன். விலையைக் குறைத்தாலும் தப்பிப்பது ஒன்றிரண்டு வருஷம்தான். அதற்குப்பின் எல்லாரும் எலெக்ட்ரிக்குக்கு மாறிவிட்டால், இந்தப் பரத்தின் கம்பெனிக்கே சைலன்சர் வேண்டியிருக்காது.

"பெருசு, கேட்ட தொற," என்றான் என்னிடம்.

"ரூல் இன்னாடா ஆச்சு?"

"நம்ம கேட்டு, நம்ம ரூலு. தொற."

கார் உள்ளே வந்ததுதான் தாமதம், ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டார்கள். "ஐயோ, என் வண்டி!" என்று பரத் அலறியது ஊத்துக்கோட்டைச் சந்தை வரை கேட்டிருக்கும்.

"விலை கொறைக்க மாட்டேன். ஆர்டர எங்க வேணா தூக்கிக்கினு போ," காருக்கடியிலிருந்து வந்த எட்வர்டின் குரலில் சூடு குறையவில்லை. "பேட்டரிக்கு அடியில இந்தத் தட்ட யாரு பண்றா?"

"எனக்கெப்படிங்க தெரியும்? எறக்குங்க மொதல்ல!"

"ரோசம்மா, டேப்ப எடுத்தா, இத நாமளே பண்ணலாம். அளந்துட்டு எறக்கலாம்."

பரத்துக்கு டீ வரவழைத்தேன். குடிக்கும் நிலையில் அவர் இல்லை. நானே குடித்தேன்.