ஈரத் தலை

பல் டாக்டர் என்று பொய் சொல்லித்தான் போலினா தன் அப்பாவை என் அலுவலகத்துக்கு அழைத்து வந்தாள். அமெரிக்காவின் மில்வாக்கியில் எங்கள் கட்டடத்தின் முதல் மாடியில் நிஜமாகவே ஒரு பல் டாக்டர் இருக்கிறார். அவருக்கு அடுத்த கதவு என்னுடையது. அதனால் படியேறி முடிக்கும்வரை கிரிஷா ஸூர்மானுக்குச் சந்தேகம் வரவில்லை. கதவில் 'செல்மா வோல்கின், வழக்கறிஞர்' என்று எழுதியிருந்ததைப் படித்ததும்தான் நின்றார். லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியின் நீலச் சட்டை, அகலமான தோள்கள், ஏரிக்காற்றில் சிவந்துபோன காதுகள். தொப்பியைக் கழற்றி வயிற்றுக்கு முன்னால் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அதிகாரம் இருக்கும் எந்த மேஜைக்கு முன்னாலும் அவர் அப்படித்தான் நிற்பார் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

"இங்க யாரு பல்லப் பிடுங்கறாங்க?" என்றார் மகளிடம்.

"உங்க பல்லு இல்லப்பா. மொதல்ல உக்காருங்க."

இரண்டு நாட்களுக்கு முன் அவள்தான் எனக்குப் போன் செய்திருந்தாள். குரலைத் தடிமனாக்கிக்கொண்டு, தனக்குப் பதினெட்டு வயது என்றாள். சொல்லி முடிப்பதற்குள் பின்னாலிருந்து பள்ளிக்கூட மணி அடித்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது, அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு வா என்றேன். அம்மா இறந்துட்டாங்க, அப்பா வரமாட்டார் என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வர வைக்கிறேன்" என்றாள்.

இருபது வருஷத்துக்கும் மேலாக இந்த வேலையைத்தான் செய்கிறேன். யூதர் என்பதற்காகப் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் ஓரங்கட்டப்படும் பிள்ளைகளுக்காக வழக்காடுவது. விடுதிச் சமையலறையிலிருந்து தன் யூத முறைச் சமையல் பாத்திரங்களோடு வெளியே அனுப்பப்பட்ட மாணவி, கழுத்திலிருந்த யூத நட்சத்திரத்தைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டால்தான் குழுவில் இடம் என்று சொல்லப்பட்ட மாணவன் என்று எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலானவர்கள் என் நாற்காலியில் உட்கார்ந்ததும் முதலில் மன்னிப்புக் கேட்பார்கள், தொந்தரவு கொடுப்பதற்காக. போலினா கேட்கவில்லை. தலைமுடி காதோரம் ஈரமாக ஒட்டியிருக்க, மடியில் நீச்சல் பையை வைத்துக்கொண்டு, நேராகச் சொல்லத் தொடங்கினாள்.

வரலாற்று வகுப்பில், ஷவர் அறை என்று சொல்லி நாஜிகள் யூதர்களை அடைத்துக் கொன்ற விஷவாயு அறைகளைப் பற்றிப் படித்த வாரத்தில் அது ஆரம்பித்திருக்கிறது. அவள் பள்ளி நீச்சல் அணியில் இருந்தாள். மல்லாந்து நீந்துவதில் பள்ளியிலேயே அவள்தான் வேகம், நான்கு பேர் அடுத்தடுத்து நீந்தும் தொடர் போட்டியில் முதலில் இறங்குபவள். பையன்கள் அணியிலிருந்து நான்கு பேர், பெண்களின் குளியலறைப் பக்கம் அவள் போகும்போதெல்லாம் வழியில் நின்று 'ஸ்ஸ்ஸ்' என்று வாயு கசிவதுபோல் ஓசை எழுப்புவார்கள். அப்புறம் கையை உயர்த்தி ஹிட்லர் வணக்கம். "உள்ள போ, ஷவர்தான், பயப்படாத" என்பார்கள். மற்றப் பெண்கள் முதலில் திட்டினார்கள், பிறகு குனிந்துகொண்டு கடந்துபோனார்கள். துணை முதல்வர் டென்ஹார்டிடம் அவள் மூன்று முறை போய்ச் சொன்னாள். அவர் மிகவும் வருத்தப்பட்டார். அவளுடைய பாதுகாப்புக்காக, இனி அவள் நர்ஸ் அறையில் உடை மாற்றிக்கொள்ளலாம், மற்றவர்கள் போனபிறகு தனியாகப் பயிற்சி செய்யலாம் என்று ஏற்பாடு செய்தார். அணியோடு பயிற்சி செய்யாதவளைப் போட்டியில் எப்படி இறக்குவது என்று பயிற்சியாளர் கையை விரித்தார். கொஞ்ச நாளில் அவள் பெயர் அணியிலேயே இல்லை.

"எப்போ இது?" என்றார் கிரிஷா.

"அக்டோபர்ல."

அப்போது ஜனவரி. கிரிஷா மகளைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கையை நீட்டி அவள் தலையைத் தொட்டார்.

"தெனமும் பயிற்சி முடிச்சுட்டுத்தானே வர்றே. தலை ஈரமா இருக்கே."

போலினா முதல்முறையாகத் தரையைப் பார்த்தாள். "லைப்ரரில உக்காந்திருப்பேன்பா. கிளம்பும்போது பாத்ரூம் குழாய்ல தலைய நனைச்சுப்பேன்."

அவர் கை அவள் தலைமேலேயே இருந்தது. வெளியே உறைபனி. அந்தக் குளிரில் மூன்று மாதமாக இந்தப் பெண் ஈரத்தலையோடு பஸ்ஸுக்கு நின்றிருக்கிறாள், அப்பா கேள்வி கேட்கக் கூடாது என்பதற்காக. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இந்த வேலையில் அழுவதற்கு ஒரு நேரம் உண்டு, அது கட்சிக்காரர் எதிரே இருக்கும் நேரம் இல்லை.

ஆனால் அவர் சம்மதிக்கவில்லை. "மேடம், நான் பழைய சோவியத்துல, கோமெல்ல பொறந்தவன். அங்கயும் ஸ்கூலுக்குப் போனவன்தான்" என்றார். "எங்கம்மா ஒண்ணு சொல்லிக் குடுத்தாங்க. வாயத் தெறக்காத, நல்லாப் படி, தள்ளிப் போயிடு. நான் தள்ளித்தான் வந்தேன். இவளுக்கு ஸ்கூல் முடிய இன்னும் மூணு வருஷம். சண்டை போட்டா மார்க்குல கை வைப்பாங்க. காலேஜ் போச்சு." தொப்பியைப் போட்டுக்கொண்டார். போலினா அவரைவிட வேகமாகப் படியிறங்கிப் போன சத்தம் கேட்டது.

நான் வற்புறுத்தவில்லை. பயப்படுகிறவரிடம் தைரியத்தைப் பற்றிப் பேசுவது பசித்தவரிடம் சமையல் குறிப்பு படிப்பதைப் போன்றது. அவருடைய பயமும் அன்புதான். எப்போதோ அவருக்கு அம்மா மாட்டிவிட்ட சட்டை, அதையே மகளுக்கும் மாட்டிவிடப் பார்க்கிறார்.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் தனியாக வந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய புகையிட்ட ஏரி மீன். அதை என் காகிதங்களின் மேலேயே வைத்தார். உட்கார்ந்தார். நேற்று வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பள்ளியில் நீச்சல் போட்டி பார்க்கப் போனதாகச் சொன்னார். மகள் நீந்திய காலத்தில் ஒரு தடவைகூட அவரால் போக முடிந்ததில்லை, எப்போதும் எங்காவது ஒரு லிஃப்ட் நின்றுவிடும்.

"அவ இல்லாத போட்டிக்கு எதுக்குப் போனீங்க?"

"அவ எதுக்கு அவ்ளோ பொய் சொன்னாள்னு பாக்கணும்னு தோணிச்சு." தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "அவ எடத்துல வேற பொண்ணு எறங்கினா. சின்னப் பொண்ணு. நல்லாத்தான் நீந்தினா. நானும் கை தட்டினேன். அவ மேல என்ன தப்பு, பாவம். அப்புறம் அந்தப் பசங்களையும் பாத்தேன். பக்கத்துல உக்காந்து பன்னு தின்னுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு. அவனுங்க உக்காந்திருந்தானுங்க மேடம். எம்பொண்ணு எங்க உக்காந்திருந்தா?"

"லைப்ரரில."

"எங்க கையெழுத்துப் போடணும்?"

சட்டம் ஒன்றும் சிக்கலானதில்லை. என்ன நம்புகிறாய், எப்போது ஜெபிக்கிறாய் என்று அது கேட்பதில்லை. ஒரு பிள்ளை யாருக்குப் பிறந்தது என்பதற்காக அதைத் துரத்தினால், அது தெரிந்தும் பள்ளி சரியாக நடவடிக்கை எடுக்காவிட்டால், அரசுப் பணம் வாங்கும் பள்ளி அதற்குப் பதில் சொல்ல வேண்டும். நான் புகாரில் திரும்பத் திரும்ப எழுதியது ஒரே விஷயத்தைத்தான்: நீங்கள் யாரையோ வெளியேற்றினீர்கள், ஆனால் தப்பான ஆளை. புகார் கல்வித்துறைக்குப் போயிற்று, அந்த வட்டாரத்துப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டத்துக்கும் போயிற்று. பதில், மறுபதில், விசாரணை. போலினா வாரத்துக்கு ஒருமுறை என் அலுவலகத்துக்கு வந்து வீட்டுப்பாடம் செய்தாள். பல் டாக்டர் கொடுக்கும் சர்க்கரையில்லாத மிட்டாயை எனக்கும் ஒன்று கொண்டுவருவாள். "நாம தோத்துட்டா என்ன ஆகும்?" என்று ஒருநாள் கேட்டாள். "கோவிச்சுக்கிட்டு மேல கோர்ட்டுக்குப் போவோம்" என்றேன். "எவ்ளோ மேல?" "படியேற என் இடுப்பு தாங்கற வரைக்கும்."

ஏப்ரலில் சமரசப் பேச்சுக்கு அழைத்தார்கள். நீள மேஜை, தண்ணீர்க் குவளைகள். எதிரே டென்ஹார்டும், மாவட்டத்தின் இளம் வழக்கறிஞர் குரோலும். டென்ஹார்ட் கெட்ட மனிதர் அல்ல, எல்லோரும் வருத்தப்படாமல் ஒரு விஷயம் முடிந்தால் போதும் என்று நினைப்பவர். அப்படிப்பட்டவர்களால் இந்த வழக்குகளில் நான் பட்ட பாடு கெட்டவர்களால் பட்டதில்லை. குரோல் பணிவாக ஒரு யோசனை சொன்னார்: போலினா பக்கத்து மாவட்டப் பள்ளிக்கு மாறலாம், பஸ் செலவு எங்களுடையது, அங்கே இதைவிடப் புதிய குளம், நல்ல அணி.

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் அசைவு தெரிந்தது. கிரிஷா தலையாட்டிக்கொண்டிருந்தார். மெல்ல, மரியாதையாக, மறுபடியும் மறுபடியும். "ரொம்ப நன்றிங்க" என்றும் சொல்லிவிட்டார். டென்ஹார்ட் முகத்தில் நிம்மதி. குரோல் பேனாவை எடுத்துவிட்டார்.

"அப்பா, தலையாட்டாதீங்க" என்றாள் போலினா.

கிரிஷா தன் தலை தனக்குத் தெரியாமல் அசைந்துகொண்டிருந்ததை அப்போதுதான் உணர்ந்தவர்போல நிறுத்தினார். முகம் முழுக்கச் சிவந்தது. எழுந்து நின்றார். தொப்பி மடியிலிருந்து விழுந்தது, அவர் குனியவில்லை.

"மன்னிச்சுக்கோங்க," என்றார் டென்ஹார்டைப் பார்த்து. "நான் தலையாட்டினது பழக்கம். சம்மதம் இல்ல. எங்க ஊர்ல சின்ன வயசுலருந்தே தலையாட்டித்தான் பொழச்சேன், அது தானா ஆடுது. இவ எங்கயும் போகமாட்டா. இது இவ ஸ்கூல். நான் இனிமே தலையாட்டினா நீங்க அதக் கணக்குல எடுக்காதீங்க." பிறகு, என்ன செய்வதென்று தெரியாமல், இன்னொரு முறை தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். போலினா சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் அவர் சட்டைக் கையைப் பற்றிக்கொண்டாள். குரோல் பேனாவை மூடினார்.

கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. எந்த வழக்கிலும் கிடைப்பதில்லை. அந்த நால்வரும் அடுத்த பருவம் முழுக்க அணியில் இருக்க முடியாது, குளத்துப் பக்கமும் வர முடியாது. ஒருவனுடைய பெற்றோர் இன்னும் மேல்முறையீடு செய்துகொண்டிருக்கிறார்கள். புகார் வந்தால் புகார் கொடுத்தவரை நகர்த்தக் கூடாது என்று மாவட்டம் புது விதி எழுதியது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி வந்தது. போலினாவுக்கு அணித் தேர்வில் கலந்துகொள்ளும் உரிமை கிடைத்தது. இடம் அல்ல, உரிமை. இடத்தை அவள்தான் நீந்திப் பிடிக்க வேண்டும். பல மாதமாகத் தண்ணீரில் இறங்காத உடம்பு அது.

இலையுதிர்காலத்தில் தேர்வு நாளன்று என்னையும் கூப்பிட்டார்கள். பார்வையாளர் மாடத்தில் குளோரின் வாடையும் புழுக்கமும். குளியலறை வழியாக நாலைந்து பெண்களோடு போலினா வந்தாள். ஒருத்தி அவளிடம் ஏதோ சொன்னாள், மற்றவர்கள் கொஞ்சம் தள்ளியே நின்றார்கள். கனத்த மேல்கோட்டைக் கழற்ற மறந்த கிரிஷா முதல் வரிசையில் நுனியில் உட்கார்ந்திருந்தார். விசில் ஒலித்தது. அவள் பின்னோக்கிப் பாய்ந்து, நீருக்கடியில் போய், மல்லாந்தபடி வெளியே வந்தாள்.

கிரிஷா எழுந்துவிட்டார். குளத்துக்கு இணையாக, அவள் கையசைவுக்கு ஏற்றபடி மாடத்தில் நடக்கத் தொடங்கினார். உட்கார்ந்திருந்தவர்களின் முழங்கால்களில் இடித்துக்கொண்டு, "மன்னிக்கணும், மன்னிக்கணும்" என்று சொல்லிக்கொண்டே, கண்ணைத் தண்ணீரிலிருந்து எடுக்காமல். அவள் சுவரைத் தொட்டுத் திரும்பியபோது அவரும் திரும்பினார். பக்கத்துப் பாதையில் இருந்தவள் ஒரு கை நீளம் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். முகம் மேலே பார்த்தபடி நீந்திய போலினாவுக்கு, கூரை விளக்குகளுக்குக் கீழே மேல்கோட்டோடு கூடவே ஓடிவரும் அப்பா தெரிந்திருக்க வேண்டும். சிரித்துவிட்டாள். வாயில் தண்ணீர் போய்ப் புரை ஏறியது. இருமிக்கொண்டே கைகளை மாற்றி மாற்றி வீசினாள், அவர் அந்தப் பக்கம் மறுபடியும் யாருடைய முழங்காலிலோ இடித்துக்கொண்டிருந்தார்.