அங்கே அஞ்சு, இங்கே ஒண்ணு

மகளுக்குப் பிரசவம் பார்க்க மூன்றே மாதம் என்று சொல்லிக் கடல் தாண்டிப் போனாள் மனைவி. அவள் போய் இறங்கிய பதினெட்டாம் நாள், உலகமெங்கும் பரவிய தொற்றுநோயால் விமானங்கள் எல்லாம் நின்றுபோயின. அவள் அங்கே, முத்திரைக்காரர் இங்கே என்று ஆகிவிட்டது.

முத்திரைக்காரர் என்பது தெரு வைத்த பெயர். முப்பத்து நாலு வருஷம் எடை அளவு இலாகாவில் ஆய்வாளராக இருந்தவர். கடை கடையாய் ஏறித் தராசையும் படிக்கல்லையும் சோதித்து முத்திரை அடிப்பதுதான் வேலை. தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டியிருந்தால் வாசலில் நின்றே மோப்பம் பிடித்துவிடுவார் என்று கடைக்காரர்கள் நடுங்குவார்கள். வீட்டில் அந்த நடுக்கமெல்லாம் யாருக்கும் கிடையாது. "ஊர்த் தராசெல்லாம் இவர் கைக்கு அடங்கும். ஒரு ஆளுக்கு எவ்வளவு உப்புன்னு மட்டும் அடங்காது" என்பாள் மனைவி.

அவள் சொன்னது எவ்வளவு சரி என்று முதல் வாரத்திலேயே தெரிந்தது. ஒருநாள் சோறு குழைந்து கூழானது, மறுநாள் வேகாமல் விதை விதையாக நின்றது. இரண்டையும் தின்றுவிட்டு, காலை பத்து மணிக்குக் கைபேசியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அங்கே அது மத்தியானச் சாப்பாடு முடிகிற நேரம்.

அந்தப் பத்து மணிக்குள் அவர் ஒரு வேலையை முடித்திருப்பார். இரண்டு நாட்டுச் செய்தியையும் பார்த்து, அங்கே எத்தனை பேருக்கு நோய், எத்தனை பேர் சாவு, இங்கே எத்தனை என்று பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் குறித்து வகுத்துவிடுவார். அங்கே நோய் கண்ட நூறு பேரில் ஐந்து பேர் போகிறார்கள். இங்கே நூற்றுக்கு ஒருவர்.

"அங்க அஞ்சு, இங்க ஒண்ணு" என்று ஆரம்பிப்பார்.

"வணக்கம் சொல்ற மாதிரி தினம் இதையே சொல்லுங்க" என்பாள் அவள். "சாப்பிட்டீங்களா?"

"சாப்பாடு கிடக்கட்டும். அது என்ன ஊரு? கண்ணாடி மாதிரி ரோடு, கூப்பிட்டா வாசலுக்கு வர ஆம்புலன்ஸு. அங்க போயி அஞ்சு பேரு சாவானேன்?"

"என்னைக் கேட்டா? நான் என்ன இந்த ஊரு மந்திரியா?"

தெருவில் இதற்கு ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார்கள். பால்காரர் வெயில்தான் காரணம் என்றார். எதிர்வீட்டுத் தையல்காரர் மாடியில் நின்றபடியே சொன்னார்: "நாமெல்லாம் மண்ணுல புரண்டு வளர்ந்த உடம்பு சார். அவங்க தரையைத் துடைச்சுத் துடைச்சு உடம்பைக் கெடுத்துக்கிட்டாங்க." கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மண்ணில் புரளாத ஊரில் அல்லவா அவர் மனைவி மாட்டியிருந்தாள்? 

இரண்டு கடையில் ஒரே சரக்கு இரண்டு எடை காட்டினால் சரக்கைச் சந்தேகப்படக் கூடாது, முதலில் தராசைப் பார்க்க வேண்டும். இது அவர் தொழிலின் அரிச்சுவடி. மனுஷர் அந்த வழியிலேயே இறங்கினார்.

"உங்க கட்டடத்துல எத்தனை வீடு?" என்று கேட்டார் ஒருநாள்.

"பன்னெண்டு."

"அதுல எழுபது தாண்டினவங்க இருக்கிற வீடு?"

அவள் விரல் விட்டு எண்ணுவது திரையில் தெரிந்தது. "ஒம்பது. லிஃப்டுல ஏறினா நான்தாங்க சின்னப் பொண்ணு. அறுபத்தொரு வயசுல என்னைப் பார்த்து 'கண்ணு, அந்தப் பட்டனை அமுக்கும்மா'ங்கிற மாதிரி ஒரு தாத்தா சைகை காட்டறாரு."

முத்திரைக்காரர் சட்டையை மாட்டி, முகமூடி கட்டி, தன் தெருவை ஒரு தடவை முழுசாக நடந்து வந்தார். நாற்பது வீட்டில் எழுபதைத் தாண்டியவர்கள் ஆறு பேர். மற்றபடி எங்கே பார்த்தாலும் பிள்ளைகள். பள்ளிக்கூடம் மூடியதால் வாசலெல்லாம் சைக்கிள்.

அந்த நோய் வயசானவர்களைத்தான் அதிகம் அடிக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அப்படியானால் கிழவர்கள் நிறைந்த ஊரில் சாவு கூடத்தான் செய்யும், அது ஊரின் குற்றமில்லை. வயசுவாரியாகப் பிரித்துப் போட்ட பட்டியல் ஒன்றைத் தேடிப் பிடித்து, அறுபது வயசுக்காரர்களை மட்டும் தனியாக வகுத்துப் பார்த்தார். அங்கே நூற்றுக்கு இரண்டுகூட வரவில்லை. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அன்று தன் சமையலையே இரண்டாம் தடவை போட்டுச் சாப்பிட்டார்.

மறுநாள் அவளிடம் இதை விளக்கியபோது அவள் முழுசாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "அப்போ எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சிருக்கீங்க."

"ஆமா."

"அதுக்குத்தான் நாலு நாளா தூங்கலையா?"

 கணக்குத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை, திரையில் கட்டைவிரல் அளவுக்கு முகம். ஒருவாரம் கழித்து மனைவியின் கைபேசியில் கேமரா கெட்டுப்போனது. "கீழ போட்டுட்டேங்க, படம் வராது, குரல் மட்டும்தான்" என்றாள். அவரும் நம்பினார்.

அதே வாரத்தில்தான் தையல்காரர் வீட்டில் இருமல் சத்தம் கேட்க ஆரம்பித்தது. மூன்று நாள் கேட்டது. நாலாம் நாள் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் பிரித்துப் படுக்க வைத்துவிடுவார்கள் என்று பயந்து, தெருமுக்கு டாக்டர் போனில் சொன்ன மாத்திரையை விழுங்கிவிட்டு வீட்டிலேயே படுத்திருந்த மனுஷர், ஐந்தாம் நாள் விடியும்போது போய்விட்டார்.

முத்திரைக்காரர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். கிட்டப் போக முடியாத சாவு. வண்டி வந்தது, போனது. மாடியிலிருந்து நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

அன்று பத்து மணிக்கு மனைவி கேட்டாள்: "எதிர்வீட்டு அண்ணன் என்ன சொல்றாரு? இன்னும் மண்ணுல புரண்ட கதைதானா?"

"அவருக்கென்ன" என்றார் இவர். "நல்லா இருக்காரு."

நூறு கிராமுக்கு ஐந்து கிராம் குறைத்தவனைக் கடையோடு சீல் வைத்த மனுஷர், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். பச்சைக் குழந்தையையும் பிள்ளை பெற்றவளையும் பார்த்துக்கொள்கிறவளிடம் இதையா சொல்வது? அவள் குரல் வேறு அன்று களைத்துப் போயிருந்தது. பேத்தி தூங்கவிடுவதில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

தையல்காரரின் மனைவி வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது என்று அடைத்து வைத்திருந்தார்கள். ஜன்னல் வழியாக அவரிடம் கேட்டாள்: "சார், இறப்புச் சான்றிதழ் மட்டும் வாங்கித் தரீங்களா?" அவர் போனார்.

பதிவு அலுவலகத்தில் ஒரே ஒரு பெண் இருந்தாள். மேசையில் அவள் தலை மறைகிற உயரத்துக்குப் படிவங்கள். சான்றிதழை வாங்கி அங்கேயே நின்று படித்தார். வயது ஐம்பத்தெட்டு. காரணம், மாரடைப்பு.

"அவருக்கு இருமல், காய்ச்சல்மா. மூச்சு விட முடியாம போனவரு" என்றார்.

"டெஸ்ட் எடுத்தீங்களா சார்?"

"எங்க எடுக்க? வீட்டுலயே போயிட்டாரு."

"அப்போ நான் எப்படி அந்த நோயின்னு எழுதறது? நெஞ்சு நின்னுதான செத்தாரு, அதை எழுதியிருக்கேன்." அவள் கோபமாகச் சொல்லவில்லை. ஒரே பதிலை அன்றைக்கு முப்பதாம் தடவை சொல்கிறவளின் அலுப்புதான் இருந்தது. "சார் எந்த டிபார்ட்மெண்டு?"

"எடை அளவு. ரிட்டையர் ஆயிட்டேன்."

"அப்போ உங்களுக்குப் புரியும். எங்க தராசு ஆஸ்பத்திரி வாசல்ல இருக்கு. வீட்டுல போறவங்க அதுல ஏறவே மாட்டாங்க."

அவர் அந்தப் படிவக் கட்டு முழுக்கவும் ஒரு தடவை கண்ணை ஓட்டினார். சட்டைப்பையில் இருந்த நாட்காட்டித் தாள் கனத்த மாதிரி இருந்தது. இத்தனை நாள் அவர் பார்த்த தராசில் யாரும் காந்தம் ஒட்டவில்லை, யாரும் திருடவும் இல்லை. தட்டில் வைக்காத சரக்கைத் தராசு எப்படிக் காட்டும்? அங்கேயோ, முதியோர் இல்லத்தில் டெஸ்ட் எடுக்காமல் போனவர்களைக்கூடச் சந்தேகம் என்று சேர்த்து எண்ணுகிறார்கள் என்று அவரே படித்திருக்கிறார். படித்தபோது அதன் அர்த்தம் உறைக்கவில்லை.

"மாத்த வழியே இல்லையாம்மா?"

"டாக்டர் என்னென்ன தொந்தரவு இருந்துச்சுன்னு எழுதிக் கொடுத்தா, சந்தேகப் பட்டியல்னு ஒண்ணு இருக்கு, அதுல சேர்க்கலாம். வீட்டு ஆளுங்க கையெழுத்தும் வேணும். யாரும் கொண்டுவரதில்ல சார்."

ஏன் கொண்டுவருவதில்லை என்பது அன்று சாயங்காலம் தெரிந்தது. முக்கு டாக்டர் மறுபேச்சு இல்லாமல் எழுதிக் கொடுத்தார். ஜன்னலில் நின்ற தையல்காரரின் மனைவி கடிதத்தைத் தொடவில்லை. "இந்த நோயின்னு எழுதிட்டா நாளைக்கு யாரு சார் எங்கிட்டத் துணி கொடுப்பாங்க? நானும் தைச்சுத்தான பொழைக்கணும்?" என்றாள்.  கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

இது நடந்து நாலு நாள் இருக்கும். பத்து மணிக்குக் கூப்பிட்டபோது மாப்பிள்ளை எடுத்தான்.

"அத்தை குளிக்கறாங்க மாமா. இன்னிக்கு நல்லா இருக்காங்க. நேத்துலேர்ந்து வாசனைகூடத் தெரிய ஆரம்பிச்சிருச்சு."

"வாசனையா? ஏன், வாசனைக்கு என்ன ஆச்சு?"

அந்தப் பக்கம் மாப்பிள்ளை எச்சில் விழுங்கும் சத்தம் கடல் தாண்டிக் கேட்டது.

விஷயம் இதுதான். மாப்பிள்ளைக்கு இருமல் வந்திருக்கிறது. பச்சைக் குழந்தை உள்ள வீடு என்பதால் எல்லோருக்கும் டெஸ்ட் எடுத்திருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கும் அத்தைக்கும் இருந்திருக்கிறது. அவள் பத்து நாள் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு, பேத்தி அழுகிற சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு படுத்திருந்திருக்கிறாள். கேமராவுக்கு ஒன்றுமே ஆகவில்லை.

அன்று அவள் மூன்று தடவை கூப்பிட்டாள். அவர் எடுக்கவில்லை. மணி அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மறுநாள் எடுத்தார். திரையில் முகம் வந்தது. கன்னம் ஒட்டியிருந்தது.

"கோபமா?" என்றாள்.

"எங்கிட்டச் சொல்லாம ஒளிக்க எப்படி மனசு வந்துச்சு?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? நீந்தியா வந்திருப்பீங்க? தினம் நூத்துல அஞ்சு, நூத்துல அஞ்சுன்னு வாசிச்சீங்க. நான் மிச்சம் தொண்ணூத்தஞ்சுல ஓரமாப் படுத்திருந்தேன்."

அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. அவர் வகுத்த வகுத்தலில், கோட்டுக்குக் கீழே இருந்த நோயாளிகளின் எண்ணில் அவளும் இருந்திருக்கிறாள். தன் கையாலேயே பத்து நாள் அவளை எழுதியிருக்கிறார், தெரியாமல்.

"டெஸ்ட் எடுத்ததாலதான் நான் கணக்குல வந்தேன்" என்றாள் அவள். "என்னை மாதிரி இருமிட்டு எழுந்திருச்சுப் போனவங்க எத்தனை பேரோ. அவங்களையும் கீழ போட்டா உங்க அஞ்சு எங்க நிக்கும்?"

"இறங்கும். இங்க இருக்கிற அந்த ஒண்ணும் நிஜக் கணக்கு இல்ல, வீட்டுல போனவங்களைச் சேர்த்தா ஏறும்" என்றார் அவர். பிறகு, மறைத்தது போதும் என்று, தையல்காரர் போனதைச் சொன்னார்.

 முகத்தைத் திருப்பித் துடைத்துக்கொண்டாள். "நல்லா இருக்காருன்னீங்களே" என்று மட்டும் கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். கடிதத்தைப் பற்றியும், தையல்காரரின் மனைவி அதைத் தொட மறுத்ததையும் சொன்னார்.

"அவ நம்பர் கொடுங்க" என்றாள்.

இரண்டு பெண்களும் என்ன பேசினார்கள் என்று அவருக்கு முழுசாகத் தெரியாது. ஒருமணி நேரம் பேசினார்கள் என்பதும், எனக்கும் வந்தது, நான் எழுந்து நடமாடுகிறேன், என் துணியெல்லாம் இனி நீதான் தைக்கப்போகிறாய் என்று மனைவி சொன்னாள் என்பதும் பிறகு காதில் விழுந்தது. மறுநாள் காலை எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. "அந்தக் கடுதாசி இன்னும் இருக்கா சார்?" என்றாள் தையல்காரரின் மனைவி. பேனாவையும் அவளே கொண்டுவந்திருந்தாள்.

பதிவு அலுவலகத்துப் பெண் கடிதத்தை இரண்டு தடவை படித்து, தனியாக இருந்த ஒரு நோட்டைத் திறந்தாள். அதில் முதல் பக்கமே இன்னும் நிறையவில்லை. தையல்காரரின் முழுப் பெயரையும் கேட்டு, எழுத்துப் பிழை இல்லாமல் எழுதினாள். அடுத்த வாரத்துக்குள் அதே தெருவிலிருந்து இன்னும் இரண்டு வீட்டார் கடிதத்தோடு வந்தார்கள். அவர்களை அழைத்துப்போனது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

பத்து மணிக்கு மனைவி கூப்பிட்டாள். பேத்தியை மார்பில் சாத்தியிருந்தாள்.

"சேர்த்தாச்சா?"

"சேர்த்தாச்சு. மூணு பேரு."

"ஒண்ணு ரெண்டாச்சா?"

"அதெப்படி ஆகும்? மூணு பேரைச் சேர்த்தா புள்ளிக்கு அப்புறம்கூட அசையாது."

"சரி, அசைய வேண்டாம்" என்றாள். "இன்னிக்கு என்ன சமைச்சீங்க, பாத்திரத்தைக் காட்டுங்க."

அவர் எழுந்து போய், மூடியைத் திறந்து, கைபேசியைக் கிட்டக் கொண்டுபோய்க் காட்டினார்.

"தண்ணி ஜாஸ்தி" என்றாள் அவள்.